மாளிகைப் பாதையின் கல்பாலம்: பார்ப்பதும் அளப்பதும் பழுதுபார்ப்பதும்

இங்கிலாந்தின் பழைய பிரபுக்கள் மாளிகைகளுக்கு, பூங்காவின் ஊடே வளைந்து போகும் தனிப்பாதை ஒன்று இருக்கும். ட்ரைவ் என்பார்கள். அது ஆற்றையோ செயற்கை ஏரியையோ தாண்டும் இடத்தில் நிற்கும் கல்பாலத்துக்கு இரண்டு வேலை: வண்டியைச் சுமப்பது ஒன்று, வருகிறவர் கண்ணுக்கு மாளிகையை எடுத்துக் காட்டுவது இன்னொன்று. இரண்டாவது வேலைக்காகச் செய்த அலங்காரம், முதல் வேலையைச் செய்யும் உறுப்புகளை மூடி மறைத்துவிடும். முகப்பைப் பார்த்து முடிவெடுக்கிற பழுதுபார்ப்பு பலமுறை தவறிப்போவது அதனால்தான்.

டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் போகும் பாதையில் டெர்வென்ட் ஆற்றின் மேல் ஜேம்ஸ் பெய்ன் 1760-களின் தொடக்கத்தில் கட்டிய மூன்று வளைவுப் பாலம் நல்ல எடுத்துக்காட்டு. அதே மாவட்டத்தில் கெடில்ஸ்டன் மாளிகைப் பாதையில் ராபர்ட் ஆடம் வடிவமைத்த மூன்று வளைவுப் பாலமும் அருவியும் ஒரே காட்சியாக அமைந்தவை. ஆக்ஸ்போர்டுஷயரில் பிளென்ஹைம் அரண்மனையின் பெரும்பாலம் இன்னும் விசித்திரம். ஜான் வான்பரோ வரைந்த அதன் நடுவளைவு சுமார் 31 மீட்டர் அகலம். பாலத்தின் உடலுக்குள்ளேயே அறைகள் உண்டு. மேலே எழுப்பத் திட்டமிட்ட தூண்வரிசை மண்டபம் கட்டப்படவே இல்லை. பிறகு 1760-களில் தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் ஓடையை அணைகட்டித் தேக்கியபோது கீழறைகள் நீரில் மூழ்கின. இன்று தெரியும் நீர்மட்டம் கட்டியவர் நினைத்த நீர்மட்டமாக இருக்க வேண்டியதில்லை. எந்த மாளிகைப் பாலத்தையும் தொடுவதற்கு முன் பழைய வரைபடங்களில் ஏரி எப்போது வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மண்ணில் நிற்கக் கட்டிய சுவர் இரண்டு நூற்றாண்டாகத் தண்ணீரில் நிற்கக்கூடும்.

(முகப்பு மட்டுமே பாலமாக இருப்பதும் உண்டு. லண்டன் கென்வுட் மாளிகையில் குளத்தின் கோடியில் தெரியும் வெள்ளைப் பாலம் மரத்தாலான வெறும் தோற்றம். அதன் மேல் யாரும் நடக்க முடியாது.)

வளைவு எப்படி நிற்கிறது

தொங்கும் சங்கிலியின் வடிவத்தைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவின் வடிவம் கிடைக்கும் என்று ராபர்ட் ஹூக் 1675-இல் எழுதிவைத்தார். கற்களுக்கு நடுவே ஓடும் அழுத்தக் கோடு வளைவுக்கற்களின் வளையத் தடிமனுக்குள்ளேயே இருக்கும்வரை பாலம் நிற்கும். கோடு வளையத்தின் விளிம்பைத் தொடும் இடத்தில் கல் கீல் போலத் திறக்கும். நான்கு கீல்கள் விழுந்தால் வளைவு இயங்கத் தொடங்கிவிடும், அதாவது இடியும். இந்தப் பாலங்களில் கல் நசுங்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுவது அரிது. வடிவம் குலைவது, அடித்தளம் அரிப்பது, உள்ளே நீர் புகுவது ஆகிய மூன்றும்தான் எதிரிகள்.

வடிவம் எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு வேல்ஸில் பாண்டிப்ரித் பாலம் சாட்சி. டாஃப் ஆற்றின் மேல் 140 அடி அகல ஒற்றை வளைவை வில்லியம் எட்வர்ட்ஸ் கட்டினார். உச்சிக்கு இருபக்கமும் காலை நோக்கி இறங்கும் தோள்ப்பகுதியின் எடை மெல்லிய உச்சியை மேல்நோக்கித் தள்ளியதில் அவருடைய முந்தைய முயற்சி இடிந்தது. 1756-இல் முடித்த பாலத்தில் இரு தோள்களிலும் மும்மூன்று உருளைத் துளைகளை விட்டு எடையைக் குறைத்தார். அது இன்றும் நிற்கிறது. வளைவின் மேல் போட்ட மண் நிரப்பை ஒரு பக்கம் மட்டும் தோண்டுகிற எவரும் அந்தப் பழைய தவற்றைத் திரும்பச் செய்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி வரும் உறுப்புப் பெயர்கள்: வளைவுக்கற்கள் சேர்ந்தது வளையம். அதன் மேலே மண்ணும் சல்லியும் போட்டது நிரப்பு. நிரப்பைப் பக்கவாட்டில் பிடித்து நிற்பது பக்கச்சுவர். அதன் மேல் கைப்பிடிச்சுவர். எல்லாவற்றுக்கும் மேலே தலைக்கல். கரையில் உதைப்பை வாங்குவது கரைத்தாங்கி, ஆற்றில் நிற்பது நடுத்தூண், நீரோட்டத்தைப் பிளக்க அதன் முன்னே நீட்டிய கூர்முனை மூக்கு.

முதலில் அனுமதி, பிறகு ஏணி

இத்தகைய பாலங்கள் பெரும்பாலும் பாரம்பரியப் பாதுகாப்புக்காகப் பட்டியலிடப்பட்ட கட்டடங்கள். இங்கிலாந்தில் அவற்றின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்புதல் இல்லாமல் செய்வது குற்றம். பழையதைப் போன்ற சாந்தால், பழைய முறையிலேயே செய்யும் சிறு பாயிண்டிங் (கல் இடுக்குகளில் சாந்து நிரப்புவது) சில இடங்களில் பராமரிப்பாகக் கருதப்படும். அதை உள்ளூர் ஆட்சியின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, வௌவால். நீரருகே வாழும் டாபென்டன் வௌவாலுக்குக் கல்பாலத்தின் இடுக்குதான் வீடு. எல்லா வௌவால்களும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. இடுக்கை அடைக்கும் முன் தகுதியுள்ளவர் ஆய்வு செய்ய வேண்டும். குடியிருப்பு இருந்தால் உரிமம் வேண்டும். ஆற்றுக்குள் சாரம் இறக்குவதற்குத் தனி அனுமதி உண்டு. சால்மன், டிரவுட் மீன்கள் முட்டையிடும் ஆறு என்றால் குளிர்காலம் முழுதும் ஓடையில் கால் வைக்க விடமாட்டார்கள். சுண்ணாம்புச் சாந்துக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் காலம். ஆக வேலைக்குக் கிடைக்கும் சாளரம் குறுகியது. ஆய்வை முந்தைய ஆண்டே முடிப்பது நல்லது.

அளப்பது

தேவையானவை: 30 மீட்டர் அளவுநாடா, லேசர் அளவுமானி, ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல்கயிறு, ஒரு மீட்டர் நீள எஃகுக் கம்பி, 200 கிராம் சுத்தியல், வலுவான டார்ச். வளைவுக்குக் கீழே இரு கால்களுக்கு நடுவே தூரத்தை எடுங்கள், இது அகலம். வளைவு தொடங்கும் மட்டத்திலிருந்து உச்சிவரை உள்ள செங்குத்து உயரம் எழுச்சி. பிறகு கால்வாசி, முக்கால்வாசித் தூரங்களில் எழுச்சியை எடுங்கள். இந்த இரண்டு அளவுகளை விட்டுவிடுவோர் பலர். குலைவு முதலில் தெரிவது அங்கேதான்.

கணக்கு ஒன்று. அகலம் 8 மீட்டர், எழுச்சி 2 மீட்டர் உள்ள வட்ட வில் வளைவு என்று வையுங்கள். அகலத்தின் வர்க்கத்தை எழுச்சியின் எட்டு மடங்கால் வகுத்து, எழுச்சியில் பாதியைக் கூட்டினால் ஆரம் வரும்: 64 ÷ 16 + 1 = 5 மீட்டர். இந்த ஆரத்தில் கால்வாசித் தூரத்து எழுச்சி 1.58 மீட்டர் இருக்க வேண்டும். இடப்புறம் 1.58-ம் வலப்புறம் 1.50-ம் வந்தால் வலத்தோள் 80 மி.மீ. தணிந்திருக்கிறது என்று பொருள். கட்டும்போதே வந்த கோணலா, பிறகு வந்ததா என்பதைச் சாந்து சொல்லும்: கோணலோடு இடுக்குகளும் விரிந்திருந்தால் பிறகு வந்தது; இடுக்குகள் சீராக இருந்தால் கட்டும்போது வளைவைத் தாங்கிய மரச்சட்டமான சென்ட்ரிங்கை எடுத்த நாளிலேயே அமர்ந்தது.

எவ்வளவு சுமை தாங்கும் என்பதை முதல் மட்டத்தில் பார்க்க, ராணுவப் பொறியாளர்களிடமிருந்து வந்த மெக்ஸி முறை பிரிட்டனில் வெகுகாலமாகப் புழங்குகிறது. உச்சியில் வளையத் தடிமனையும் மேலுள்ள நிரப்பின் தடிமனையும் மீட்டரில் கூட்டி, வர்க்கப்படுத்தி, 740-ஆல் பெருக்கி, அகலத்தின் 1.3 அடுக்கால் வகுக்க வேண்டும். நம் பாலத்தில் வளையம் 0.45, நிரப்பு 0.30. கூட்டினால் 0.75, வர்க்கம் 0.5625, பெருக்கினால் 416. எட்டின் 1.3 அடுக்கு 14.9. விடை சுமார் 28 டன் அச்சுச்சுமை. இதைப் பல குணகங்கள் வெட்டும். எழுச்சி அகலத்தில் நாலில் ஒன்று என்பதால் அந்தக் குணகம் 1. வடிவக் குணகம் சுமார் 0.9, பொருளுக்கு 1 என்று கொண்டு, இடுக்குகளுக்கு 0.9, நிலைமைக்கு 0.7 என்று மதிப்பிட்டால் கிடைப்பது சுமார் 16 டன். இது ஓர் அச்சுக்கு. முழு லாரியின் எடை அல்ல. 18 மீட்டருக்கு மேல் அகலம் உள்ள வளைவுக்கும் கோணலாகிப்போன வளைவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. நிலைமைக் குணகம் 0.4-க்குக் கீழே போகிறது என்று தோன்றினால் கணக்கை மூடிவைத்துவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.

இங்கே ஒரு பொறி. முகப்பில் தெரியும் செதுக்கிய வளைவுக்கல் 600 மி.மீ. ஆழம் இருக்கலாம், உள்ளே வளையம் 350 மி.மீ. கரடுமுரடான கல்லாகவோ செங்கலாகவோ இருக்கலாம். மாளிகையிலிருந்து தெரியும் பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சாதாரணமாகவும் கட்டிய பாலங்களில் இதைக் கட்டாயம் சந்தேகியுங்கள். உச்சியில் பாதையின் நடுவே ஒரு சோதனைக்குழி தோண்டி வளையத்தின் மேல்முகத்தைத் தொட்டுப் பார்ப்பது ஒன்றே நம்பத்தக்க வழி. வளையத்தின் பங்கு குறைந்தால் பொருள் குணகமும் சரியும், அப்போது அந்த 16 டன் எண் பொய்யாகும்.

குதிரைவண்டிக்குக் கட்டிய பாலத்தில் இன்று போவது திருமணப் பந்தல் சுமந்த லாரி, இசைவிழா மேடை, கழிவு எடுக்கும் டாங்கர். இந்த எண்ணை எஸ்டேட் அலுவலகத்தில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவரிடம் எழுத்தில் கொடுக்காமல் ஆய்வு முடிந்ததாகக் கொள்ளாதீர்கள்.

விரிசலைப் படிப்பது

வளைவுக்கு அடியில் போய் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது.

விளிம்பிலிருந்து அரை மீட்டர் உள்ளே, பாதையின் திசையிலேயே ஓடும் விரிசல்: பக்கச்சுவர் வெளியே தள்ளப்படுகிறது. நனைந்த நிரப்பு உதைக்கிறது. மிக அதிகமாகக் காணப்படும் கோளாறு இதுவே. வளைவின் நடுவில் அதே திசையில் ஓடினால் கரைத்தாங்கியின் ஒரு பாதி தணிகிறது. கால் மூலையிலிருந்து குறுக்காக ஏறினால் அந்த மூலைக்கு அடியில் அரிப்பு இருக்க வாய்ப்பு. ஆற்றின் திசையில், அதாவது பாதைக்குக் குறுக்கே, உச்சியில் அடிப்புறம் திறந்த விரிசல்: கரைத்தாங்கிகள் விலகுகின்றன. இந்தக் கடைசி வகை அவசரம். போக்குவரத்தை நிறுத்திவிட்டுத்தான் மற்றது.

சுத்தியலால் ஒவ்வொரு கல்லையும் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் பின்னே வெற்றிடம். அடியில் வெள்ளைப் படிவோ சிறு தொங்கூசிகளோ இருந்தால் மேலிருந்து இறங்கும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அவற்றைச் சுரண்டி எடுப்பது அழகுக்கு உதவும், பாலத்துக்கு அல்ல.

ஆற்றின் அடியை மூக்கின் முன்னும் இருபக்கமும் கம்பியால் குத்திப் பாருங்கள். வெள்ளத்தில் குழி விழும். வெள்ளம் வடியும்போது மெல்லிய மணல் அதையே நிரப்பி மூடிவிடும். மேலே சமமாகத் தெரியும் இடத்தில் கம்பி எளிதாக இறங்கினால் அதுதான் குழி. கம்ப்ரியாவில் 1764-இல் கட்டிய பூலி பாலம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோடு போனது. ஸ்காட்லாந்தில் இன்வரேரி மாளிகையருகே ஆரே ஆற்றின் பழைய பாலத்தை 1772 வெள்ளம் அடித்துச் சென்றது. அதற்குப் பதில் ராபர்ட் மைல்ன் கட்டிய பாலத்தில் இரு வளைவுகளுக்கு நடுவே, தூணுக்கு மேல் ஒரு வட்டத் துளை விட்டிருப்பார்; வெள்ளத்துக்கு வழி, தூணுக்கு எடைக்குறைப்பு, கண்ணுக்கும் அழகு.

பழுதுபார்க்கும் வரிசை

பாயிண்டிங்கில் தொடங்குவது வழக்கமான தவறு. தண்ணீர் வரும் வழி மேலே திறந்திருக்கும்போது கீழே இடுக்கை அடைத்தால் நீர் உள்ளேயே தேங்கும். பக்கச்சுவர் இன்னும் வேகமாக வெளியே வரும். ஆகவே மேலிருந்து.

முதலில் பாதை. குழிகளை மூடி, நீர் இரு முனைக்கும் வழிந்தோடும்படி சரிவு கொடுங்கள். கைப்பிடிச்சுவரின் அடியில் குவிந்த இலைமக்கையும் மண்ணையும் வாருங்கள். நீர் வடியும் துளைகளைக் கம்பியால் திறந்துவிடுங்கள். இதுவே பாதி வைத்தியம். குளிர்காலத்தில் பாதையில் உப்புத் தூவுவதை நிறுத்தி வெறும் கரடு மணல் போடச் சொல்லுங்கள். உப்பு கல்லுக்குள் படிகமாகி முகத்தை உதிர்க்கும்.

நிரப்பைத் தோண்டி வளையத்தின் முதுகில் நீர்த்தடுப்பு விரிக்க வேண்டியிருந்தால் இரு தோள்களிலும் ஒரே நேரத்தில், 300 மி.மீ. அடுக்குகளாக எடுங்கள். தோண்டிய மண்ணைப் பாலத்தின் மேலேயே குவிக்கக் கூடாது. வளையத்தின் மேல் கான்கிரீட் பலகை வார்ப்பது சிலருக்குப் பிடித்த தீர்வு. நாங்கள் அதைக் கடைசியில்தான் வைப்போம்: விறைப்பு கூடி, வளைவு தானே நெளிந்து சரிசெய்துகொள்ளும் தன்மை போய்விடும், திரும்ப எடுக்கவும் முடியாது.

அடுத்து செடிகள். ஐவிக் கொடியையும் சிகமோர் கன்றையும் வேரோடு பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். அடியில் அறுத்து, காயவிட்டு, அடுத்த பருவத்தில் எடுங்கள்.

பிறகு வெற்றிடங்கள். பெரிய ஓட்டையில் சாந்தை மட்டும் திணித்தால் சுருங்கி விழும். கல்துண்டுகளைச் சாந்தில் தோய்த்து ஆப்பாக இறுக்குங்கள். உள்ளே ஆழமாக இருந்தால் சுண்ணாம்புக் கூழைக் குறைந்த அழுத்தத்தில், கீழிருந்து மேலாக, ஒரு நாளில் அரை மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் செலுத்துங்கள். அவசரப்பட்டால் கூழின் அழுத்தமே பக்கச்சுவரைத் தள்ளும்.

தளர்ந்த வளைவுக்கல்லை மாற்றுவதானால் அடியில் மரச் சென்ட்ரிங் வைத்து எதிரெதிர் ஆப்புகளால் இறுக்கிய பிறகே கை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கல். புதுக்கல் அதே வகைப் பாறையாக இருக்க வேண்டும். பாறையின் இயற்கை அடுக்குகள் அழுத்தத்துக்குச் செங்குத்தாக, அதாவது ஆரத்திசையில் போகும் இடுக்குக்கு இணையாக அமைய வேண்டும். அடுக்கு முகப்புக்கு இணையாக நின்றால் சில குளிர்காலங்களிலேயே தகடு தகடாக உரிந்துவிடும்.

சாந்தும் பாயிண்டிங்கும்

சிமெண்ட் வேண்டாம். அது கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல்லின் வழியே வெளியேறி உறைபனியில் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். சிமெண்ட் கோடு மட்டும் புடைத்து நிற்க, கல் குழிவாகப் போன பாலங்களை நிறையப் பார்க்கலாம்.

வளைவுக்கும் பக்கச்சுவருக்கும் என்ஹெச்எல் 3.5 என்ற, ஈரத்திலும் இறுகும் நீர்ச்சுண்ணாம்பு 1 பங்கு, கூர்மையான, பலவகைப் பருமன் கலந்த மணல் 2.5 பங்கு. நீர்மட்டத்தை ஒட்டிய பகுதிக்கு என்ஹெச்எல் 5, மணல் 2 பங்கு. கல் மிருதுவான சுண்ணாம்புக்கல்லாக இருந்து, இடமும் நனையாததாக இருந்தால் இதைவிட மென்மையான கலவை போதும். நம்மூர் வழக்கப்படி கடுக்காயும் வெல்லமும் சேர்க்கும் எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அந்தக் குளிரிலும் ஈரத்திலும் அவை எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர மாட்டார்கள், அதிகாரியும் ஏற்க மாட்டார்.

அளவு: 300-க்கு 600 மி.மீ. செதுக்குக்கல் சுவரில் சதுர மீட்டருக்கு 5 மீட்டர் நீள இடுக்கு வரும், 10 மி.மீ. அகலம், 30 மி.மீ. ஆழம் என்றால் ஒன்றரை லிட்டர் சாந்து. கரட்டுக்கல் சுவரில் 20 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழம், 8 மீட்டர் நீளம் என்று வைத்தால் 8 லிட்டர். 25 கிலோ மூட்டை ஒன்று 1-க்கு 2.5 கலவையில் சுமார் 90 லிட்டர் சாந்து தரும். வீணாவதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய சாந்தை இடுக்கின் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., உளியால் எடுங்கள். சுழலும் வெட்டுக்கருவி கல்லின் விளிம்பை ஒரு நொடியில் சிதைக்கும். அந்த வடு போகவே போகாது. நன்றாக இருக்கும் பழைய சாந்தைத் தொடாதீர்கள். தூசியைக் கழுவி, முந்தைய நாளும் வேலைக்குச் சற்று முன்பும் நனையுங்கள். கல் ஈரமாக இருக்க வேண்டும், நீர் பளபளக்கக் கூடாது.

சாந்தைப் பத்து நிமிடம் கலக்கி, பதினைந்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்குங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒழுகக் கூடாது. நீர் கூடிய சாந்துதான் மறுநாள் விரிசல் விடும். இடுக்கின் அகலத்துக்கும் குறைவான கம்பிக் கரண்டியால் உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காக அழுத்துங்கள். கல்லின் முகத்தின் மேல் ஏற விடாதீர்கள்; விளிம்பு தேய்ந்திருந்தால் சற்று உள்வாங்கி நிறுத்துங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வந்ததும் விறைப்பான தூரிகையால் குத்துங்கள். மேலே வந்த சுண்ணாம்புத் தோல் உடைந்து மணல் தெரியும், காற்றும் உள்ளே போகும்.

அதன்பின் ஈரச் சாக்கு. குறைந்தது ஒரு வாரம், வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் இரண்டு. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் என்று வானிலை சொன்னால் அன்று சாந்து கலக்காதீர்கள். உறைந்த சுண்ணாம்பு வசந்தத்தில் பொடியாகக் கொட்டும்.

கைப்பிடிச்சுவர் கடைசி. தலைக்கற்களை இணைக்கும் பழைய இரும்புக் கவ்விகள் துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளந்திருக்கும். அவற்றை எடுத்துத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றுங்கள். சக்கரம் உரசிய தடம் முனைகளில் இருந்தால் சுவரைத் திரும்பக் கட்டுவதோடு, உள்ளே 300 மி.மீ. தள்ளி ஒரு தாழ்ந்த கல்வரம்பும் போடுங்கள். பக்கச்சுவர் வெளியே சாய்ந்து 25 மி.மீ.-க்கு மேல் விலகியிருந்தால் குறுக்கே எஃகுக் கம்பி கட்டி இருபக்கமும் தகடு வைப்பது உண்டு. அந்தத் தகடு மாளிகைப் பக்கத்து முகப்பில் எங்கே தெரியும் என்பதை வரைந்து காட்டிய பிறகே ஒப்புதல் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் விரிசல் இருந்த இடங்களில் கண்ணாடித் துண்டையோ அளவுக்குறியையோ பதித்து, தேதி எழுதி, படம் எடுத்துவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது போதும். ஆனால் ஆறு கரையைத் தொட்ட ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், நீர் வடிந்த அந்த வாரத்திலேயே, மூக்கின் அடியைக் கம்பியால் குத்திப் பார்த்து அந்த ஆழத்தையும் அதே ஏட்டில் எழுதுங்கள்.